மூடிய அறையில் பேசிய அறம்

1965-ஆம் ஆண்டு. டெட்ராய்ட் நகர மருத்துவமனை ஒன்றில் வேலைபார்த்துவந்த இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் மருத்துவர், மருத்துவ இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரையில் நின்றுவிட்டார். அலபாமா மாநிலத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த ஆண்களைச் சிகிச்சை கொடுக்காமலே முப்பது ஆண்டுகளாகக் கவனித்துவருகிறோம் என்று அரசாங்க மருத்துவர்கள் அதில் எழுதியிருந்தார்கள். பெனிசிலின் ஊசி போட்டால் தீருகிற நோய். கையில் மருந்து இருந்தும் கொடுக்காமல் இருப்பது எப்படி என்று கேட்டு, மூன்றே வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதிப் போட்டார். கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் அதைப் படித்தார். இந்த மாதிரிக் கடிதம் வருவது இதுதான் முதல் தடவை, பதில் எழுதும் உத்தேசம் இல்லை என்று மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டார்.

பதில் வராதது பெரிய விஷயமில்லை. அரசாங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பழகிய எவருக்கும் அது தெரிந்ததுதான். ‘முதல் தடவை’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அந்த ஆய்வின் முதல் கட்டுரை 1936-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே வெளிவந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல. எதையும் ஒளித்துவைக்கவில்லை. நூலகங்களில் இருந்தது, மாநாடுகளில் பேசப்பட்டது, படித்தவர்கள் எல்லோரும் நோயாளிக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்று உறுதியெடுத்தவர்கள். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் அவர்கள் கணக்கில் இதுதான் முதல் கோபம்.

பல்கலைக்கழகங்கள் அறநெறி மையம் தொடங்குவது இப்போது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. நம் ஊரிலும் கருத்தரங்குகளில் அந்தப் பேச்சு அடிபடுகிறது. அத்தகைய மையம் எதற்கு, யாருக்கு என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹார்வர்டோ பிரின்ஸ்டனோ இல்லை. அலபாமாவில், அந்த ஆய்வு நடந்த மேக்கன் கவுண்டி என்ற பருத்திக்காட்டுப் பகுதியில் இருக்கும் டஸ்கீகி பல்கலைக்கழகத்தின் மையம்தான்.

டஸ்கீகி சாதாரண இடமில்லை. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881-இல் தலைமையேற்று வளர்த்த பள்ளி அது. மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளை போட்டுக் கட்டடங்களை எழுப்பினார்கள். நிலக்கடலை ஆராய்ச்சியால் பெயர்பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அங்கேதான் இருந்தார். காந்திக்கு உணவுமுறை பற்றி எழுதி அனுப்பிய அதே கார்வர். கறுப்பின மக்களுக்கு வேறெங்கும் கதவு திறக்காத காலத்தில், அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு மருத்துவமனையும் அந்த வளாகத்தில் இருந்தது. ஜான் ஆண்ட்ரூ நினைவு மருத்துவமனை என்று பெயர்.

அந்த மருத்துவமனையைத்தான் 1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை தேடி வந்தது. சிபிலிஸைக் கவனிக்காமல் விட்டால் உடம்பில் என்னவெல்லாம் ஆகும் என்று பார்க்க வேண்டும். கொஞ்ச மாதம் போதும் என்றார்கள். மொத்தம் 600 கறுப்பின ஆண்கள் சேர்க்கப்பட்டார்கள். 399 பேருக்கு நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. அநேகமாக எல்லோரும் குத்தகைக்கும் வாரத்துக்கும் பருத்தி விளைவித்தவர்கள். உனக்கு சிபிலிஸ் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். அந்தப் பக்கத்தில் சோகை, களைப்பு, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். நம் கிராமங்களில் ‘சூடு’ என்று சொல்வதுபோல.

‘கொஞ்ச மாதம்’ நாற்பது ஆண்டுகள் ஆனது.

எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இரண்டு காகிதங்களைச் சொன்னால் போதும். முதலாவது 1933-இல் அனுப்பிய கடிதம். சிறப்பு இலவச சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு, நர்ஸ் சொல்கிற இடத்துக்குத் தவறாமல் வந்துவிடவும் என்று அழைத்தது. போனவர்களின் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். வலியோடும் தலைச்சுற்றலோடும் வீடு திரும்பினார்கள். அதில் சிகிச்சை எள்ளளவும் இல்லை, வெறும் பரிசோதனை. இரண்டாவது 1958-இல் கொடுத்த சான்றிதழ். இருபத்தைந்து ஆண்டுகள் ஒத்துழைத்ததற்கு நன்றி என்று அதிகாரி கையெழுத்திட்டு, ஆண்டுக்கு ஒரு டாலர் கணக்கில் 25 டாலரும் சேர்த்துக் கொடுத்தார்கள். சட்டம்போட்டுச் சுவரில் மாட்டி வைக்கத்தக்க காகிதம். இடையில் வைட்டமின், ஆஸ்பிரின், இரும்புச்சத்து டானிக், பரிசோதனை நாளில் சூடான சாப்பாடு. செத்த பிறகு உடலை அறுத்துப் பார்க்கச் சம்மதித்தால் அடக்கச் செலவுக்குப் பணம். அந்தப் பணத்தை நியூயார்க்கின் மில்பேங்க் நினைவு அறக்கட்டளை கொடுத்தது.

1940-களின் இறுதிக்குள் பெனிசிலின் எங்கும் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்பே, உலகப் போரின்போது, ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வாரியம் இவர்களில் சிலரைச் சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சொன்னது. சுகாதாரத் துறை ஒரு பெயர்ப்பட்டியல் கொடுத்து, இவர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டு வாங்கியது. மருந்து கிடைக்காத இடத்தில் மருந்து கொடுக்காமல் இருப்பது ஒன்று. மருந்தைத் தேடிவந்து தட்டிவிடுவது வேறு.

இதில் டஸ்கீகியின் பங்கு என்ன? கல்லூரித் தலைவர் ராபர்ட் மோட்டன் சம்மதித்தார். மருத்துவமனைத் தலைவர் யூஜின் டிபிள் இடம் கொடுத்தார். இருவரும் கறுப்பினத்தவர். நர்ஸ் யூனிஸ் ரிவர்ஸும் அப்படித்தான், டஸ்கீகியில் படித்தவர். நாற்பது ஆண்டுகளில் மருத்துவர்கள் வந்தார்கள், போனார்கள். மாறாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். காரில் வீடுவீடாகப் போய் ஆட்களை அழைத்துவருவார். வழியெல்லாம் பேச்சும் சிரிப்பும். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார். செத்தால் துக்கத்துக்குப் போய்க் குடும்பத்தோடு உட்காருவார். உடலை அறுக்கச் சம்மதம் வாங்குவதும் அவரே. அந்தக் குடும்பங்கள் அவரை வெறுக்கவில்லை. அரசாங்கம் 1958-இல் அவருக்கு விருதும் கொடுத்தது. அவரை எந்தப் பெட்டியில் போடுவது? ஏழைக் கறுப்பின ஆண்களைத் தேடி வேறெந்த நர்ஸும் வராத காலத்தில் வந்தவர். அவர்களுக்கு மருந்து கிடைக்காமல் பார்த்துக்கொண்ட ஏற்பாட்டின் கையும் அவர்தான். வில்லன் யார் என்று தேடிப் போகிறவர் ரிவர்ஸிடம் வந்து தடுமாறித்தான் நிற்பார். அறம் பற்றிப் பொதுவில் பேச வேண்டிய தேவையே அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது என்பேன்.

ஷாட்ஸுக்குப் பிறகு வந்தவர் பீட்டர் பக்ஸ்டன். பிராகில் பிறந்து, நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போனவர். சான் பிரான்சிஸ்கோவில் பால்வினை நோயாளிகளை விசாரித்துப் பதிவுசெய்யும் சுகாதாரத் துறை ஊழியர். சக ஊழியர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. நாஜி மருத்துவர்களைக் கூண்டில் ஏற்றிய நாட்டிலேயே இது நடக்கிறதா என்று 1966-இல் மேலே எழுதினார். அட்லாண்டாவுக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968-இல் மறுபடியும் எழுதினார்.

இந்தத் தடவை அரசு அசைந்தது. 1969 பிப்ரவரியில் ஒரு குழுவைக் கூட்டினார்கள். ஆய்வைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று விவாதித்தார்கள். இப்போதைய பேச்சில் அதை அறநெறிக் குழு என்றே சொல்லிவிடலாம். அறையில் இருந்த எல்லோரும் நிபுணர்கள். ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை, மேக்கன் கவுண்டியிலிருந்து யாரும் இல்லை. ஒருவர் மட்டும் சிகிச்சை கொடுத்துவிடுவோம் என்றார். மற்றவர்கள் தொடரலாம் என்று முடிவெடுத்தார்கள். உள்ளூர் மருத்துவர் சங்கத்திடமும் ஒப்புதல் வாங்கிக்கொண்டார்கள். அப்போது அந்தச் சங்கத்தில் பெரும்பாலோர் கறுப்பின மருத்துவர்கள்.

பக்ஸ்டன் வேலையை விட்டு சட்டம் படிக்கப் போனார். கடைசியில் காகிதங்களை அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் தன் சகா ஜீன் ஹெல்லரிடம் கொடுத்தார். 1972 ஜூலை 25 அன்று செய்தி வந்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில். நவம்பரில் ஆய்வு முடிவுக்கு வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் நிற்காமல் ஓடியது, மருத்துவர் அல்லாதவர்கள் படித்த நாலே மாதத்தில் நின்றது. அப்போது உயிரோடு மிஞ்சியிருந்த நோயாளிகள் 74 பேர். கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸின் வழக்கறிஞராக இருந்த பிரெட் கிரே அவர்கள் சார்பில் வழக்குப் போட்டு, 1974-இல் ஒரு கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. நோயோடு உயிரோடிருந்தவருக்கு 37,500 டாலர். நோய் இல்லாத பிரிவில் இருந்து இறந்துபோனவரின் வாரிசுகளுக்கு 5,000.

அதே ஆண்டு ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. 1979-இல், மனிதர்கள்மீது ஆராய்ச்சி செய்வதன் அறநெறிகளை வகுத்த பெல்மான்ட் அறிக்கை. இன்று உலகம் முழுக்க மருத்துவமனைகளில் கூடுகிற அறநெறிக் குழுக்களும், நாம் கையெழுத்திடும் ஒப்புதல் படிவங்களும் பெருமளவு அந்த வம்சத்தில் வந்தவை. இதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். அவை சொல்லாமல் விடுவது, 1969-இல் கூடியதும் ஒரு குழுதான் என்பதை. ஓட்டையை அடைக்க நாம் கண்டுபிடித்த வழி, ஓட்டை போட்டதன் சாயலிலேயே இருக்கிறது.

டஸ்கீகி மையம் பிறந்த கதைக்கு வருகிறேன். 1996-இல் மருத்துவரும் வரலாற்றாசிரியருமான வனெசா கேம்பிள் தலைமையில் ஒரு குழு கூடி இரண்டு கோரிக்கைகளை வைத்தது. ஜனாதிபதி மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆராய்ச்சி அறநெறிக்கென டஸ்கீகியில் ஒரு மையம் அமைய வேண்டும். 1997 மே 16 அன்று வெள்ளை மாளிகையில் பில் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு உயிரோடிருந்தவர்கள் எட்டே பேர். ஐந்து பேர் நேரில் வந்திருந்தார்கள். 94 வயது ஹெர்மன் ஷா மேடையேறிப் பேசினார். மையத்தைத் திட்டமிட முதற்கட்டமாக 2 லட்சம் டாலர் அறிவிக்கப்பட்டது. 1999-இல் ‘ஆராய்ச்சிக்கும் மருத்துவச் சேவைக்குமான தேசிய உயிரி அறநெறி மையம்’ திறக்கப்பட்டது.

எங்கே வைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். 1987-இல் மூடப்பட்டுக் கிடந்த அதே ஜான் ஆண்ட்ரூ மருத்துவமனைக் கட்டடத்தைப் புதுப்பித்து அதில் வைத்தார்கள். ஆய்வுக்கு இடம் கொடுத்த அதே கட்டடத்துக்குள் இன்று மாணவர்கள் அறம் பற்றிப் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில்தான் இது நடந்தது, எங்கள் பெரியவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று ஒத்துக்கொள்ளாமல் அங்கே ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. மன்னிப்பை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் கூடும் நிகழ்வில் மகன்களும் மகள்களும் பேரப்பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதையொட்டி அறநெறி வகுப்பும் நடக்கிறது.

பெயர் விஷயத்திலும் அந்த மையத்தார் கறார். உலகம் முழுக்க ‘டஸ்கீகி ஆய்வு’ என்றே சொல்கிறார்கள். மையம் ‘டஸ்கீகியில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய சிபிலிஸ் ஆய்வு’ என்று முழுசாகச் சொல்கிறது. நீளம்தான். செய்தவர் பெயர் மறைந்து, பட்ட ஊரின் பெயர் மட்டும் கறையாக ஒட்டிக்கொள்வது எப்படி என்று நமக்குத் தெரியாதா? 1984 டிசம்பரில் நடந்ததைப் ‘போபால்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். யூனியன் கார்பைடு என்ற பெயரை இன்றைய கல்லூரி மாணவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் அந்த மையத்தார் சலிக்காமல் திருத்துகிறார்கள். அரசாங்கமே அந்த ஆண்களுக்கு நோயை ஊசிமூலம் ஏற்றியது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது உண்மையில்லை. (குவாதமாலாவில் 1946 முதல் 1948 வரை அமெரிக்க மருத்துவர்கள் அதையும் செய்தார்கள், அது 2010-இல்தான் வெளிவந்தது. டஸ்கீகி ஆய்வில் பின்னாளில் வேலைபார்த்த ஜான் கட்லர் அதிலும் இருந்தார்.) மேக்கன் கவுண்டியில் செய்தது, இருந்த மருந்தைக் கொடுக்காமல் விட்டது. கொரோனா காலத்தில் இந்த வித்தியாசம் உயிர் காக்கும் விஷயமாயிற்று. டஸ்கீகியை மறந்தீர்களா, தடுப்பூசி போடாதீர்கள் என்று ஒரு பக்கம் பிரசாரம். அந்த ஆண்களின் வாரிசுகள் 2021-இல் கேமரா முன் வந்து பேசினார்கள். எங்கள் பெரியவர்களுக்கு மருந்து மறுக்கப்பட்டது. உங்களுக்குக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். எந்த நிபுணர் பேசியிருந்தாலும் அந்த வார்த்தைக்கு அந்தக் கனம் வந்திருக்காது.

குறையில்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆய்வைக் கடைசிக் காலத்தில் நடத்திய அமைப்பு, அட்லாண்டாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். டஸ்கீகி மையத்துக்கு நிதி கொடுத்து ஆதரித்ததும் அதே அமைப்பு. கடனாளி கொடுக்கும் பணத்தில் கணக்கு எழுதுகிற நிலைமை. சிறிய மையம், பெரிய பல்கலைக்கழகங்களின் வசதி அதற்கு இல்லை.

அந்த வசதி உள்ளவர்களைப் பார்ப்போம். ஹார்வர்டில் டெரெக் பாக் தலைவராக இருந்தபோது 1986-இல் அறநெறித் திட்டம் தொடங்கியது. இன்று அது வங்கியாளர் எட்மண்ட் சாஃப்ராவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஆண்டு சிலிக்கான் பள்ளத்தாக்கில் சான்டா கிளாரா பல்கலைக்கழகம் தொடங்கியதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் ஆரம்பகால முதலீட்டாளர் மைக் மார்க்குலாவின் பெயர். நல்ல வேலை செய்கிறார்கள், மறுக்கவில்லை. இந்த மையங்களின் பாடங்களைப் படித்து நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அங்கே அறம் பெரும்பாலும் மற்றவர்களின் பிரச்சினையாக மேஜைமீது வைக்கப்படுகிறது. ஓடிவரும் வண்டிக்கு எதிரே தண்டவாளத்தில் ஐந்து பேர், இன்னொரு தண்டவாளத்தில் ஒருவர், வண்டியைத் திருப்ப நெம்புகோலை இழுக்கலாமா என்பதுபோல. நெம்புகோலைப் பிடித்திருப்பது நம் கட்டடத்தின் கைதானா என்ற கேள்வி அபூர்வம். தன் கையைப் பார்க்காத அறத்துக்கு ஓர் உதாரணம்: படிவத்தின் மேலேயே கையெழுத்து வாங்கினால் மனிதர்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்று நிறுவியதாகச் சொன்ன 2012-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை, அதில் இருந்த தரவு புனையப்பட்டது என்று தெரிந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வு! சிரிப்பதா, என்ன செய்வது?

நம் வீட்டுக்கு வருவோம். சில ஆண்டுகள் நானும் ஒரு தென்மாவட்ட மருத்துவமனையின் அறநெறிக் குழுவில் இருந்தேன். 2019-ஆம் ஆண்டின் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் என்று பட்டியல் உண்டு. அந்தச் சாதாரண ஆள் நான். கூட்டத்துக்கு வந்தால் முந்திரி பக்கோடாவும் காபியும் வரும், ஒரு அடி உயரத்துக்குக் காகிதம் வரும். தமிழ்ப் படிவத்தை நீங்கள் பார்த்துவிடுங்கள் சார் என்பார்கள். பார்ப்பேன். எழுத்துப்பிழை திருத்துவேன். கையெழுத்துப் போடுவேன்.

ஒருநாள், ஒப்புதல் வாங்குவதை நேரில் பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். சர்க்கரை நோய் மருந்து ஒன்றுக்கான பரிசோதனை. எழுபது வயதுப் பெரியவர், தோளில் துண்டு. எதிரே இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுப் பெண் பதினாலு பக்கப் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது. விதிப்படி, பொறுமையாக. நாலாம் பக்கத்தில் பெரியவர் கையை உயர்த்தினார்.

“ஏம்மா, போலி மருந்து குடுப்போம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?”

“அது போலி மருந்து இல்ல தாத்தா. மருந்துப்போலி.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆறு மாதத்துக்கு முன் அந்தப் படிவத்தைச் சரிபார்த்தவன் நான்தான். ‘மருந்துப்போலி’ நல்ல கலைச்சொல் என்று மனதுக்குள் பாராட்டியும் இருக்கிறேன். பெரியவருக்குப் புரியாமல் போகவில்லை; எங்களைவிட நன்றாகவே புரிந்திருந்தது. உங்களில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை கிடைக்கும், யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது என்று நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது நாங்கள்தான். அடுத்த கூட்டத்தில் ‘பார்க்க மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது’ என்று மாற்றச் சொன்னேன். மொழிபெயர்ப்புக்குச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி ஆங்கிலத்துக்குப் பெயர்த்துச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். மாற்ற இரண்டு கூட்டங்கள் பிடித்தன. அதற்குள் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்.

பொதுமக்களுக்கு விஞ்ஞானம் என்ன தெரியும், மைக்கைக் கொடுத்தால் கூச்சல்தான் மிஞ்சும் என்று மருத்துவ நண்பர்கள் சொல்வதுண்டு. தடுப்பூசி வதந்திகளைப் பார்த்தவன் என்ற முறையில் அதை லேசாகத் தள்ள மாட்டேன். கூச்சல் வரும்தான். ஆனாலும் அந்தப் பெரியவர் கேட்டதுபோல ஒரு கேள்வியை எங்கள் குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பெரிய அளவில் யோசிக்க நமக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையான பெண்கள், ஊர்வாரியாக இரண்டு பிரிவு. 49,311 பேர் இருந்த பிரிவில், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தறியும் எளிய பரிசோதனையைச் செய்தார்கள். 30,958 பேர் இருந்த இன்னொரு பிரிவு வழக்கம்போல விடப்பட்டது. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த பிரிவில் அந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஏழை நாடுகளுக்கெல்லாம் வழிகாட்டிய முடிவு அது; கோடிக்கணக்கான பெண்களுக்குப் பயன்படக்கூடியது.

டஸ்கீகியோடு இதை ஒரே தட்டில் வைப்பது அநியாயம். யாரிடமும் நோயை மறைக்கவில்லை, இருந்த சிகிச்சையைத் தட்டிப் பறிக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு அன்றைக்கு வேறெந்தப் பரிசோதனை ஏற்பாடும் இல்லை என்பதே ஆய்வாளர்கள் தரப்பு. பரிசோதனை பயன் தரும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது, ஒரு பகுதியினரை விட்டுவைத்து எண்ணிப் பார்க்கலாமா என்பது விமர்சகர்கள் தரப்பு. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகள் குறித்து மருத்துவ இதழ்களில் காரசாரமான வாதம் நடந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். என்னை உலுக்கிக் கேட்டால், ஏதும் இல்லாத இடத்தில் ஒரு பகுதியினருக்காவது கொடுத்தது மேல் என்ற பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனால் அந்த வாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், மருத்துவர்களுக்கும் அறநெறியாளர்களுக்கும் இடையில் நடந்தது. 1936-இலிருந்து 1972 வரை சிபிலிஸ் கட்டுரைகள் கிடந்ததும் அந்த மாதிரி அலமாரிகளில்தான்.

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் அறநெறி மையம் தொடங்கினால், எப்படி நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். குத்துவிளக்கு. அமைச்சர். திருக்குறளிலிருந்து இரண்டு மேற்கோள். செயற்கை நுண்ணறிவும் அறமும் என்ற தலைப்பில் இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு, கலந்துகொண்டவர்களுக்குச் சான்றிதழ், பதவி உயர்வுக்கு மதிப்பெண். அந்த மாதிரி மையம் பத்து வந்தாலும் ஒரு படிவத்தில் ஒரு சொல் மாறாது.

மில்பேங்க் அறக்கட்டளை 2022 ஜூனில் டஸ்கீகிக்கு வந்து, அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்து உடல்களை அறுக்க வழிசெய்ததற்காக வாரிசுகள் முன்னால் மன்னிப்புக் கேட்டது. ஆய்வு நின்று ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசு மன்னிப்புக் கேட்டு இருபத்தைந்து ஆண்டுகள். மையம் திறந்ததிலிருந்து அந்த வாரிசுகள் கூடுவதற்கு ஓர் இடம் இருந்தது, அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பதிவுசெய்ய ஆட்கள் இருந்தார்கள். மையம் என்று நான் சொல்வது அதைத்தான்.

இங்கே அப்படியொன்றை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால், முதல் கூட்டத்தைச் சென்னையில் வைக்க மாட்டேன். திண்டுக்கல் பக்கத்தில், பரிசோதனை நடந்த ஊருக்கும் நடக்காத ஊருக்கும் இடையில் ஒரு கல்யாண மண்டபம் பிடிப்பேன். 2000-இல் முப்பது வயதாக இருந்த பெண்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டி சில ஆண்டுகள். நல்ல நினைவு இருக்கிற வயது. ஆய்வு செய்த மருத்துவர்களையும் கூப்பிடுவேன், வருவார்கள் என்றே நினைக்கிறேன். மேடை வேண்டாம், எல்லோருக்கும் ஒரே மட்டத்தில் நாற்காலி. முதலில் அந்தப் பெண்கள் பேசட்டும். அன்றைக்கு உங்களிடம் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள், உங்கள் ஊர் எந்தப் பிரிவில் இருந்தது என்று பின்னால் யாராவது வந்து சொன்னார்களா?